மின்சாரம் வந்த பிறகு

மோகனராஜ் வீட்டில் சோறு பாதி வேக்காட்டில் நின்றிருந்தது. அவர் மனைவி யசோதினி ரைஸ் குக்கரைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள்.

"சுவிட்ச நிப்பாட்டாத," என்றார் மோகனராஜ். "எல்லாம் போட்டபடியே கெடக்கட்டும். அப்பத்தான் கரண்ட் வந்தது தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை காலை. நாடு முழுவதும் மின்சாரம் இல்லை. எங்கோ ஒரு பெரிய மின்கம்பி அறுந்ததில் மேற்குக் கரையிலுள்ள நிலக்கரி மின் நிலையம் தானாக நின்றுவிட்டது. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. ஒருமுறை நின்றால் முழுதாக ஓட்டச் சில நாட்களாகும். மின்சாரம் வந்ததும் ஹீட்டர், மோட்டார் எதையும் உடனே போட வேண்டாம் என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது.

குண்டசாலையில் மோகனராஜின் குறுகிய தெருவில், அந்த ஒழுங்கையில், இருந்தவர்கள் அதைக் காதில் வாங்கவில்லை. விக்டோரியா அணையின் நீர்மின் நிலையம் பக்கத்தில்தானே இருக்கிறது.

"நிலக்கரி கொழும்புக்காரனுக்கு. நமக்கு நம்ம தண்ணி இருக்கு," என்று எதிர்வீட்டு அழகையா சிரித்தார்.

கடைசி வீட்டில் வாடகைக்கு இருந்த சஞ்சயன் வீடு வீடாக வந்தான். யாழ்ப்பாணத்துக்காரன். பள்ளிக்கூட ஆசிரியர். அவன் மனைவி நிவேதிகாவுக்கு நுரையீரல் பழுது. ஒக்சிஜன் மெசின் இல்லாமல் அவளால் இருக்க முடியாது.

"அண்ணை, கையில இருக்கிற ஒக்சிஜன் சிலிண்டர் பின்னேரம் வரைக்கும்தான் காணும். கரண்ட் வந்தோடன எல்லாரும் ஒரேயடியாப் போட்டா, டிரான்ஸ்போமர் பியூஸ் போயிடும். கொஞ்சம் பொறுத்துப் போடுங்கோ."

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிறலாமே தம்பி?" என்றார் மோகனராஜ்.

"பின்னேரமும் வராட்டி கொண்டுபோறன். வேன் சொல்லி வச்சிருக்கு."

"சரி, நீங்க போங்க. பாத்துக்கிறேன்."

அவன் கேற்றைத் தாண்டியதும் மோகனராஜ் மனைவியிடம், "நாமளும்தானே பில்லு கட்டுறோம்," என்றார். ஒரு சுவிட்சையும் நிறுத்தவில்லை.

பின்னேரம் மின்சாரம் வந்தது. சஞ்சயன் மெசினைப் போட்டான். வேன்காரரை வர வேண்டாம் என்றான். சிலிண்டர் அப்போது ஏறக்குறையக் காலி.

ஒழுங்கை முழுவதும் மோட்டார்கள் இரைந்தன. ஹீட்டர்கள் சுட்டன. யசோதினியின் குக்கரில் ஆவி வந்தது. சந்தியிலிருந்த டிரான்ஸ்போமரில் படீரென்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. பெரிய வீதியின் அந்தப் பக்கத்தில் மட்டும் விளக்குகள் எரிந்தன.

வேன்காரர் இன்னொரு சவாரியில் இருந்தார். சஞ்சயன் மனைவியை ஆட்டோவில் ஏற்றினான். தென்னக்கும்புர பாலத்துக்கு முன்னால் வாகனங்கள் நெரிந்து நின்றன. அவனுடைய தோளில் சாய்ந்தபடி அவள் போய்விட்டாள்.

மறுநாள் சாவீட்டு வாசலில் கதிரைகள் போட்டிருந்தார்கள். சஞ்சயன் சுவரைப் பார்த்தபடி இருந்தான். யாரோ கொடுத்த பிளேன்டீ கையிலேயே ஆறிப்போனது.

"அந்த நிலக்கரி நெலையம் நின்னதாலதானே இவ்வளவும்," என்றார் அழகையா. "ஒழுங்கா நடத்தத் தெரியாத நாடு. பாவம், சின்னப் புள்ள."

சிலர் தலையாட்டினார்கள். மோகனராஜ் ஆட்டவில்லை.

"அது நின்னது காலையிலண்ணே. அந்தப் புள்ள பின்னேரம் வரைக்கும் உசுரோடதான் இருந்துச்சு," என்றார்.

"என்னப்பா சொல்ற?"

"கரண்ட் வந்துச்சு. நாமதான் நிப்பாட்டுனோம். அவரு வீட்டுக்கு வந்து கெஞ்சிக் கேட்டாரு. நான் சரின்னு சொல்லிட்டு ஒண்ணயும் நிப்பாட்டல. பில்லு கட்டுனா கம்பி நம்மளோடதுன்னு நெனைச்சுட்டோம். அதே கம்பியிலதான் இன்னொருத்தர் மூச்சும் ஓடுது."

சஞ்சயன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.