பாகீரதி மாமி ஒளித்து வைத்தவை

அந்த வருஷம் மே மாதம் பதினொன்றாம் தேதி, பாலிகஞ்சில் மூன்றாம் மாடியில் குடியிருந்த பாகீரதி மாமி தன் சமையலறைப் பரணில் ஒளித்து வைத்த ஐந்து கிலோ துவரம்பருப்பு, வடக்கே மலை எல்லையில் ஒரு ராணுவ முகாமின் ஸ்டோர் ரூமில் போய் உட்கார்ந்துகொண்டது. தபாலில் போகவில்லை, லாரியிலும் போகவில்லை. லாரி போவதற்குப் பாதையே இல்லை. சண்டை தொடங்கிய இரண்டாவது வாரமே மலை சரிந்து ரோட்டை மூடியிருந்தது. ஹெலிகாப்டர்களுக்கோ எல்லையின் அடுத்த முனையில் ஓயாத வேலை. முகாமில் நானூறு பேர் ஒருவேளைக் கிச்சடியில் காலம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய சாப்பாட்டுச் சாமான்களுக்குப் பொறுப்பாக இருந்த கேப்டன் நரேன், மாமியின் ஒரே பிள்ளை.

மாமியைப் பதுக்கல்காரி என்று சொன்னால் பாவம். பயந்தவள், அவ்வளவுதான். டிவியில் தினம் இரண்டு தரம், சரக்குக்குக் குறைவில்லை, யாரும் வாங்கிப் பதுக்க வேண்டாம் என்று சொன்னார்கள். குறைவில்லாவிட்டால் இவன் எதற்கு மெனக்கெட்டு வந்து சொல்கிறான் என்று மாமி பையை எடுத்துக்கொண்டு லேக் மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடுவாள். வாங்கியதைக் கீழ்வீட்டு வங்காளி அண்ணி பிஜோயா பௌதி கண்ணில் படாமல் புடவைத் தலைப்பால் மூடி மாடியேற்றி, கொலுப் பொம்மைப் பெட்டிக்குப் பின்னால் தள்ளி, டப்பாமேல் 'அவசரத்துக்கு மட்டும்' என்று எழுதி ஒட்டுவாள். மற்றவர்களும் அவரவர் வழியில் தயாராகத்தான் இருந்தார்கள். புதன்கிழமை நாலு மணிக்கு ஒத்திகைச் சங்கு ஊதும். குண்டு விழுந்தால் மாடிப்படிக்குக் கீழே ஒண்டிக்கொள்ள வேண்டும் என்று தெருக் கிளப்பின் செயலாளர் மைக்கில் சொல்லுவார். பில்டிங்கே அங்கே கூடி, டீ வரவழைத்துக் குடித்து, இந்த வருஷம் ஹில்ஸா மீன் சரியில்லை என்று பேசிவிட்டுக் கலையும்.

ஞாயிற்றுக்கிழமை நரேன் போன் பண்ணினான். "அம்மா, நீ பருப்பு ஏதாவது அனுப்பினியா? டப்பாமேல உன் கையெழுத்து மாதிரி இருக்கு." மாமி ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தாள். கொலுப் பெட்டி இருந்தது, அதன் பின்னால் சுவர்தான் இருந்தது. அவள் கணவர் அனந்தகிருஷ்ணன் பாங்கில் முப்பத்தைந்து வருஷம் இருந்து ரிடையர் ஆனவர், எதையும் தானே ஒருமுறை சரிபார்க்காமல் நம்பாதவர். மாமிக்குத் தெரியாமல் தன் காபிப் பொடிப் பொட்டலத்தை அதே இடத்தில் ஒளித்து வைத்துப் பார்த்தார். மறுநாள் காலை முகாமில் ஆளுக்கு ஒரு மிடறு கும்பகோணம் காபி கிடைத்தது. இவர் டீயைக் குடித்துவிட்டு நாள் முழுக்க எல்லோர் மேலும் எரிந்து விழுந்தார்.

விஷயம் பரவியதும் பில்டிங்கில் எல்லோருக்கும் தேசபக்தி பொங்கிவிட்டது. சந்தேஷ் இனிப்புப் பெட்டிகள், பொரி மூட்டை, கம்பளி என்று கைதட்டலோடு கொண்டுவந்து மாமியின் பரணில் ஏற்றினார்கள். ஒரு வாரமாகியும் ஒன்றுகூட நகரவில்லை; எறும்பு வந்ததுதான் மிச்சம். மாமிக்குத்தான் முதலில் பிடிபட்டது. எல்லோரும் பார்க்கக் கொடுத்தது போகாது. நமக்கு வேண்டும், அடுத்தவருக்குத் தெரியக்கூடாது என்று நெஞ்சு படபடக்க ஒளித்து வைத்தது மட்டும்தான் போகும். இதை வெளியே சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது, இருந்தாலும் சொன்னாள்.

ஜூனில் ராணுவத்திலிருந்து ஒரு மேஜர் ஜீப்பில் வந்து பரணை டேப் வைத்து அளந்தார். ஆறடி நீளம், இரண்டடி ஆழம் என்று குறித்துக்கொண்டார். ஆச்சரியப்பட அவருக்கு நேரமில்லை; பூட்ஸ் கயிற்றுக்கே பஞ்சமாக இருந்த சமயம் அது. எல்லோரையும் கூட்டி வைத்து, தயவுசெய்து பதுக்குங்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொண்டார். அவர்களும் மனமார ஒத்துழைத்துப் பதுக்கினார்கள். போகுமா? சொன்னதற்காகப் பதுக்குவது பதுக்கலா என்ன! மேஜர் கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார். போகிற போக்கில் வாட்ச்மேன் காதில் மட்டும், செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு கடுகெண்ணெய் கிடைப்பது கஷ்டம் என்று போட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார். அவ்வளவுதான். பரணை நம்பக்கூடாது என்று கட்டிலுக்கு அடியிலும் வாஷிங் மெஷினுக்குள்ளும் சாமி படத்துக்குப் பின்னாலும் ஒளித்தார்கள். அந்த பில்டிங்கில் எங்கே ஒளித்தாலும் போயிற்று. கடுகெண்ணெய் போயிற்று, கசகசா போயிற்று, வங்காளிகள் உயிராக மதிக்கும் அஜீரண மருந்து பாட்டில் பாட்டிலாகப் போயிற்று. கம்பளி வராது என்று அடுத்த வதந்தி கிளம்பியபோது, காதுவரை மூடும் குரங்குக் குல்லா மட்டும் நூற்றுப்பத்து போய்ச் சேர்ந்தன. அந்த வருஷம் அந்த முகாமில் மூன்றே பேருக்குத்தான் குளிரில் காது புண்ணாயிற்று.

மூவரில் நரேனும் ஒருவன். தனக்கு வந்த குல்லாவை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டானாம். செப்டம்பரில் பத்து நாள் லீவில் வந்தவனை மாமி வாசலிலேயே நிறுத்தி மேலும் கீழும் பார்த்தாள். தோளெலும்பு துருத்திக்கொண்டு, காது மடல் தோலுரிந்து, பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனான். எட்டாவது நாள் போன் வந்தது. திரும்பியதும் இன்னும் முன்னால் உள்ள காவல் சாவடிக்குப் போக வேண்டுமாம். இவனை அனுப்புவதில்லை என்று மாமி அந்த நிமிஷமே முடிவு பண்ணிவிட்டாள். மத்தியானம் அவன் சாப்பிட்டுவிட்டுப் படுத்ததும் திரைச்சீலையை இழுத்து மூடி, வாசலில் கிடந்த பூட்ஸைக் கட்டிலடியில் தள்ளி, மாடிப்படியில் நின்ற பிஜோயா பௌதியிடம், நரேன் காலையிலேயே கிளம்பிவிட்டான் என்று கண்ணிமைக்காமல் சொன்னாள். மூன்று மணிக்கு ஹார்லிக்ஸோடு உள்ளே போனபோது பூட்ஸைக் காணோம். மேஜைமேல் கழற்றி வைத்திருந்த வாட்ச்சைக் காணோம். நரேன் தூங்கிக்கொண்டிருந்தான், அவன் உள்ளங்கை வழியே படுக்கை விரிப்பின் நீலக் கோடு தெரிந்தது.

டம்ளர் எங்கே விழுந்ததோ, மாமி வாசலுக்கு ஓடினாள். "ஐயோ, நான் பொய் சொன்னேன்! என் குழந்தை உள்ளேதான் இருக்கான்! எல்லாரும் வந்து பாருங்கோ, சீக்கிரம் வாங்கோ!" லுங்கியோடு ஒருவர், முகத்தில் சோப்போடு ஒருவர், கரண்டியோடு பிஜோயா பௌதி, எல்லோரும் ஓடிவந்தார்கள். ஒவ்வொருவர் பார்க்கப் பார்க்க அவன் கை கெட்டிப்பட்டது. நாலாம் மாடிக் கிழவர் மூச்சிரைக்க வந்து மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்ததும் நீலக் கோடு முழுக்க மறைந்தது. நரேன் கண் விழித்து, கட்டிலைச் சுற்றி நின்ற பதினெட்டுப் பேரையும் பார்த்து, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டான். ஒன்றுமில்லை, உன்னைப் பார்க்க வந்தார்கள் என்று சொல்லிவிட்டு மாமி அழுதாள்.

அப்பாவின் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் அவன் ஹவுராவில் ரயிலேறினான். பில்டிங்கே வழியனுப்ப வந்திருந்தது. இனி அவனை ஒருத்தர் கண்ணுக்கும் தப்பவிடக்கூடாது என்று மாமி, எதிர் சீட்டுக்காரரிடமும் டிக்கெட் பரிசோதகரிடமும் டீ விற்றவனிடமும், இவன் என் பிள்ளை, பெயர் நரேன் என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். வண்டி போய்விட்டது. ஒளித்தாலும் போகிறான், ஒளிக்காவிட்டாலும் போகிறான், நான் என்னதான் பண்ணுவேன் என்று மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் புலம்பினாள். நாலாம் நாள் காலை குளித்து, மிளகாய்ப்பொடியும் இரண்டு ஸ்வெட்டரும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன் என்றாள். வாசல் கதவு திறந்து மூடியது. படியிறங்கும் செருப்புச் சத்தம் மட்டும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சமையலறையில் ஸ்டூல் இழுபடுவதும், முட்டிவலியோடு ஒருவர் முனகி ஏறுவதும் ஹாலில் இருந்த அனந்தகிருஷ்ணனுக்கு நன்றாகவே கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தால் அவளால் போக முடியாது. அவர் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதே பத்தியை ஒரு மணி நேரம் படித்தார். கண்ணீர் வழிந்தது, பேப்பரை இறக்கவில்லை. பிறகு போய் ஸ்டூலை எடுத்து அதன் இடத்தில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. "அப்பா, அம்மா வந்து சேர்ந்துட்டா."

"ஸ்வெட்டர் போட்டுண்டிருக்காளா?" என்று கேட்டார் அனந்தகிருஷ்ணன். போனில் அவனுக்குப் பின்னாலிருந்து, பருப்பு வேகுமுன்னே உப்பைப் போட்டது யார் என்று மாமி யாரையோ தமிழில் அதட்டுவது கேட்டது. மாஷிமாவைக் காணோமே என்று, மாமியை எப்போதும் அப்படியே கூப்பிடும் பிஜோயா பௌதி விசாரித்தபோது, பிள்ளையோடு இருக்கப் போயிருக்கிறாள் என்றார். பௌதி தலையாட்டினாள். அவள் அம்மாவும் பெங்களூரில் பிள்ளை வீட்டுக்குப் போனால் ஆறு மாதம் இருப்பவள்தான். எப்போது வருவார் என்று கேட்டாள். சண்டை முடிந்ததும் இரண்டு பேருமாக வருவார்கள் என்றார் அவர்.