ஜீப்பின் தகடு போன இடம்

2006-ஆம் ஆண்டு ஆயுத பூஜைக்கு மறுநாள் முதல் ரகுநாதனின் ஜீப், ஆவடியில் ராணுவ வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறை வாசலைத் தவிர வேறெங்கும் போக மறுத்துவிட்டது. ஸ்டியரிங்கைப் பூந்தமல்லிப் பக்கம் திருப்பினாலும் அம்பத்தூர் பக்கம் திருப்பினாலும் அது தன் பாட்டுக்குப் பட்டறை வாசலில் போய் நின்று, ஒரு ஹாரன் அடித்துவிட்டு அணைந்துவிடும். முதல் வாரம் காவலுக்கு நின்றவர்கள் துப்பாக்கியை நீட்டினார்கள். அடுத்த மாதம் டீ கொடுத்தார்கள். ரகுநாதன் குடியிருந்த குவார்ட்டர்ஸிலிருந்து பட்டறை வேலைக்குப் போகிற சிலர் அதிலேயே ஏறிக்கொண்டு, பஸ் பாஸ் எடுப்பதையே விட்டுவிட்டார்கள்.

காரணம் ஒன்றும் ரகசியமில்லை. ராணுவ வண்டியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் புதிதாகக் கட்டினால், வண்டியின் எண், எந்தப் பட்டறையில் எந்த வருடம் கட்டியது என்றெல்லாம் பொறித்த சின்னப் பித்தளைத் தகடு ஒன்றை ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் பொருத்துவார்கள். அது இல்லாத வண்டிக்குத் தன்னைச் சரிபார்த்தாயிற்றா இல்லையா என்று தெரியாது. சந்தேகம் வந்த வண்டி பட்டறைக்குத்தான் போகும். இதில் ஜீப்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை ரகுநாதனுடையது. அவர் டாங்கி ஃபேக்டரியில் ஃபிட்டர். ஃபிட்டர்களுக்கு உள்ள வியாதி அவருக்கும் இருந்தது, எதையும் கழற்றாமல் துடைக்க வராது. ராணுவ ஏலத்தில் எடுத்த அந்த ஜீப்பில்தான் மகள் ஷர்மிளாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வந்தார். அந்த வருடம் பூஜைக்குத் தகட்டையும் கழற்றி மனைவி வனஜாவிடம் கொடுத்தார். வனஜா புளி போட்டுத் தேய்த்து, சந்தனம் குங்குமம் இட்டு, ஸ்பானர்களோடு படையலில் வைத்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். எல்லோரும் போனபின் பார்த்தால் தகட்டைக் காணோம். விஜயதசமி லீவு முடிந்த அன்று பட்டறை வாசலிலிருந்து நடந்தே பள்ளிக்கூடம் போன ஷர்மிளா வழியெல்லாம் அழுதாள். ரகுநாதன் அவள் தலையில் கை வைத்து, உன் கல்யாணத்துக்கு இந்த ஜீப்பில்தான் கூட்டிக்கொண்டு போவேன் என்று சத்தியம் செய்தார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைதானே, மறந்துவிடும் என்று நினைத்தார். ஷர்மிளா மறக்கிற ரகமில்லை.

அதன்பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் பழைய இரும்புக் கடைகளில் கழிந்தன. பூந்தமல்லியில் ஜேம்ஸ் என்பவரின் கடையில் சொந்த வண்டியைப் பிரிந்த தகடுகள் ஒரு டால்டா டின் நிறைய இருந்தன. ஜேம்ஸ் டின்னுக்குள் குனிந்து ஜீப்பின் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டார். லாரித் தகடு ஒன்று தூக்கத்தில் முனகியதே தவிர வேறு பதில் இல்லை. "அண்ணாத்தே, உன் பிளேட்டு இங்க இல்ல. சும்மா கெடந்தா கொரல் குட்த்திருக்கும். அது எங்கியோ ஜம்முனு வேல பாத்துகினு கீது" என்றார். ரகுநாதன் பொறுமையிழந்து அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு போலித் தகடு அடித்து மாட்டினார். வண்டி நேராகக் காவல் நிலையத்துக்குப் போய்ச் சரணடைந்தது.

வருடங்கள் ஓடின. ரகுநாதன் ஓய்வு பெற்று நூம்பலில் ஃபிளாட் வாங்கினார். ஜீப்பின் முகத்தைத் தார்ப்பாயால் மூடி, பின்பக்கமாக இழுத்துத்தான் அங்கே கொண்டுவர முடிந்தது. ஷர்மிளா ஐ.டி. வேலைக்குப் போனாள். உடன் வேலை பார்த்த ஜெகதீஷுக்கும் அவளுக்கும் திருவேற்காடு கோயிலில் கல்யாணம் நிச்சயமானது. பூ அலங்காரத்தோடு கார் அனுப்புகிறோம் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். "ஜீப் கோயிலுக்கு வந்தா கோயில்ல கல்யாணம். இல்லன்னா அது எங்க போய் நிக்குதோ அங்கயே தாலி கட்டிக்கிறேன்" என்றாள் ஷர்மிளா. பட்டறை வாசலில் பார்க்கிங் வசதியாக இருக்கும் என்றான் ஜெகதீஷ். அவன் அம்மா அன்றே படுக்கையில் விழுந்தார். ரகுநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. சம்பந்தி முன்னால் மானம் போவதைவிட, மகளிடம் பொய்யனாகிவிடுவோமே என்பதுதான் அவரை அரித்தது.

குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுக்காரராக இருந்த சுப்பராயன், அந்தப் பூஜை முடிந்த கையோடு வீட்டைக் காலி செய்தவர், இப்போது வேப்பம்பட்டில் இருந்தார். பத்திரிகை வைக்க ரகுநாதன் ரயிலில் போனார். அந்தக் காலத்தில் முதுகுவலியால் சுப்பராயன் வில்லாய் வளைந்து கிடந்தவர். இன்று எழுபதை நெருங்கும் வயதில் நாற்பது வயதுக்காரராகக் குழாயடியில் குளித்துக்கொண்டிருந்தார். தோலில் லேசாக ராணுவப் பச்சை ஓடியது. இரண்டு முறை இருமிய பிறகே பேச்சு கிளம்பியது. அவர் அரைஞாண் கயிற்றில் ஒரு பித்தளைத் தகடு மின்னியது. ரகுநாதன் குனிந்து படித்தார். அவருடைய ஜீப்பின் எண்தான்.

"வனஜாதான் இவருக்காக மந்திரிச்சு, வெத்தலையோட மறைச்சுக் குடுத்தாங்கன்னு நெனச்சேண்ணே" என்றாள் சுப்பராயனின் மனைவி சாவித்திரி. "கட்டம் கட்டமா நம்பரு, மேல சந்தனம் குங்குமம். இதெல்லாம் வாய்விட்டுக் கேட்டா பலிக்காதுன்னு நானும் கேக்கல. கட்டுன அன்னிக்கே எந்திரிச்சு நின்னுட்டாரு."

சுப்பராயன் நல்ல மனிதர். மறுபேச்சில்லாமல் முடிச்சை அவிழ்த்தார். உடனே முதுகு வளைந்தது, முழங்கால்கள் கடகடவென்று ஆடின, இடது காது கழன்று சோப்புப் பெட்டிக்குள் விழுந்தது. ரகுநாதன் பதறிப்போய்த் தன் கையாலேயே தகட்டைத் திரும்பக் கட்டினார். காது ஏறி உட்கார்ந்தது. இத்தனை வருடம் தேடியது கிடைத்தும் எடுக்க முடியாது என்று தெரிந்ததும், கொடுத்த காபியைக் கையில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"அழாத ரகு. பிளேட்டத்தான குடுக்க முடியாது. நானே வர்றேன்" என்றார் சுப்பராயன்.

முகூர்த்த நாள் காலையில் ரகுநாதன் ஓட்ட, பக்கத்தில் சுப்பராயன், பின்னால் மணப்பெண்ணும் வனஜாவும் சாவித்திரியும். வேலப்பன்சாவடி வந்ததும் ஜீப் வழக்கம்போல ஆவடிப் பக்கம் முகத்தைத் திருப்பியது. சுப்பராயன் பட்டுச் சட்டையைத் தூக்கிக் காட்டினார். வண்டி கொஞ்ச நேரம் உறுமியபடி யோசித்தது. பிறகு திருவேற்காட்டுக்குத் திரும்பியது. ரகுநாதன் கண்ணைத் துடைக்கக்கூட ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. பின்னாலிருந்து ஷர்மிளாதான் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

தாலி கட்டி முடிந்ததும் கோயில் வாசலில் ஜீப்புக்குப் பூஜை நடந்தது. இந்த மாமா எந்த வழியில் உறவு என்று ஜெகதீஷின் அம்மா கேட்டார். வண்டியோடு வந்தவர் என்றாள் வனஜா. அந்த அம்மாள் தலையாட்டிக்கொண்டார். குருக்கள் நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்தார். பிறகு சுப்பராயனைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, அவருடைய இரண்டு காலுக்கும் ஒவ்வொன்று வைத்தார். சுப்பராயன் இரண்டையும் நசுக்கிவிட்டு ஏறி உட்கார, வண்டி கிளம்பியது.