பின்கட்டுக்கு முப்பதாயிரம்

விற்பனைக்கு வந்த அந்த வீட்டின் சமையலறையில் சிங்குக்குக் கீழே இருந்த கதவைத் திறந்ததும் இருபது கரப்பான் பூச்சியாவது நாலா பக்கமும் ஓடியிருக்கும். மேடை ஓரமெல்லாம் விரலைப் பிடித்து இழுக்கிற எண்ணெய்ப் பிசுக்கு. அடுப்புக்குப் பின்னால் இருந்த டைல்ஸ் ஒரு காலத்தில் வெள்ளை நிறமாம்; வீட்டை விற்கிற வெங்கடரமணன் சொல்லித்தான் தெரிந்தது. ஹர்ஷவர்தன் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வாசலுக்கே போய்விட்டான். அவன் மனைவி சந்தனா நகரவில்லை. அழுக்குதானே? சோடா உப்பும் வெந்நீரும் பட்டால் போய்விடும். போகாவிட்டால் டைல்ஸைப் பெயர்த்துப் போட்டுவிட்டுப் போகிறது. அவளுக்குக் குமட்டல் வந்தது ஒன்றரை மாதம் கழித்துத்தான். அதற்குக் கரப்பான் பூச்சி காரணமில்லை, பாவம்.

அன்றைக்கு அவள் பார்த்தது ஜன்னலை. மேற்குச் சுவரில், அடுப்பு மேடைக்கு நேர் மேலே, நாலடி அகலத்தில் இருந்தது. சந்தனா வல்லத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை. பள்ளி விட்டு, பஸ் பிடித்து, செஞ்சியில் இறங்கி வீட்டுக்குள் கால் வைக்க ஐந்தேகால் ஆகும். அவர்கள் சமண வீட்டார். பொழுது சாய்வதற்குள் சமைத்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட வேண்டும். இருட்டில் பூச்சி விழுந்தால் தெரியாது. தெரியாமல் செய்தாலும் கொலை கொலைதான் என்று கேட்டு வளர்ந்தவள். அதிலும் மார்கழி மாதத்தில் சூரியன் கோட்டை மலைக்குப் பின்னால் சீக்கிரமே போய் ஒளிந்துகொள்ளும். கடைத்தெருவில் அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டிலோ சமையலறை நட்டநடுவில், மத்தியானத்திலேயே பல்பு போட வேண்டிய குகை. பத்தொன்பது வருஷம் அந்தக் குகையில் கடிகாரத்தோடு மல்லுக்கட்டி, கையைச் சுட்டுக்கொண்டு, ஒரு நாளும் பொழுது தவறாமல் சோறு போட்டிருக்கிறாள். நாற்பத்தெட்டு லட்சத்துக்கு மற்றவர்கள் வீடு வாங்குவார்கள் என்றால், அவள் வாங்க நினைத்தது அந்த ஜன்னலைத்தான்.

பணத்திலும் பெரும்பங்கு அவள் தலையில்தான் விழுந்தது. வீட்டுக் கடன் அவள் சம்பளத்தைக் காட்டி வாங்குவது. ஹர்ஷவர்தனின் மளிகைக் கடையை நம்பி எந்த வங்கியும் அவ்வளவு கொடுக்காது. சமையலறைக்கென்று, அம்மா வழியில் வந்த மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விளைந்த அரை ஏக்கர் நிலத்தை விற்ற ஆறு லட்சம் தனியாக இருந்தது. அதில் நாலு லட்சத்துக்குமேல் தொடக்கூடாது, மீதி மகள் ஜினிஷாவின் கல்லூரிக்கு என்று முதலிலேயே கோடு போட்டுக்கொண்டாள். பழைய வினாத்தாள் ஒன்றின் பின்பக்கத்தில் கணக்கு எழுதினாள். கறுப்புக் கிரானைட் மேடை, அண்டா கழுவுகிற அளவுக்கு ஆழமான சிங்க், குடிதண்ணீரைத் துணி கட்டி வடிகட்டத் தனிக் குழாய். பலகை அலமாரி வேண்டாம், ஈரம் பட்டால் ஊதிப்போகும், அலுமினியம் போதும். பழைய சுவரை உடைத்தால் உள்ளே குழாய் எந்த லட்சணத்தில் இருக்குமோ, அதற்கு நாற்பதாயிரம். கூட்டினால் மூன்று லட்சத்து எண்பதாயிரம் வந்தது. கொத்தனார் எழிலரசன் இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு ஒழுங்காக யாரும் தன்னிடம் எழுதிக் கொடுத்ததில்லை என்றார்.

ஹர்ஷவர்தனும் நல்லாயிருக்குது என்றுதான் சொன்னான். அதே வாரம் ஜவுளிக்கடை விக்ரமன் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் போய் வந்தான். அதோடு சரி.

விக்ரமன் வீட்டுக் கிச்சன் நகைக்கடை மாதிரி மின்னுகிறதாம். கதவைத் தொட்டால் தானாகத் திறக்கிறதாம். அலமாரிக்கு அடியில் வரிசையாக விளக்கு எரிகிறதாம். நடுவில் ஒரு மேடை கட்டி, உயரமான நாற்காலிகளைப் போட்டுச் சுற்றி உட்கார்ந்து பேசுகிறார்களாம். மூன்று நாள் வீட்டில் இதே பாட்டு. நாலாம் நாள் திண்டிவனத்திலிருந்து வளவன் என்ற மாடுலர் கிச்சன்காரரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். வளவன் மரியாதையான ஆள். டீச்சர், டீச்சர் என்று கூப்பிட்டுக்கொண்டே டேப்லெட்டில் படம் காட்டினார்.

படத்தில் ஜன்னல் இல்லை. அது இருந்த இடத்தில் தரையிலிருந்து கூரை வரை ஓர் அலமாரி நின்றது. அது அறுபத்துநாலாயிரம். விளக்கு வரிசை மட்டும் முப்பத்தெட்டாயிரம். எல்லாம் சேர்த்து ஐந்து லட்சத்து எழுபதாயிரம். நாலு லட்சத்துக் கோடு என்னாயிற்று என்று கேட்டால், அதான் ஆறு இருக்குதே என்றான் ஹர்ஷவர்தன். மகளின் படிப்பை அப்போதைக்கு மறந்துவிட்டான் போல.

விளக்கு எதற்கு என்று கேட்டாள். பொழுது சாய்ந்தால் அடுப்பே பற்றவைக்காத வீட்டில் முப்பத்தெட்டாயிரத்துக்கு விளக்கா? ஈசலுக்குப் பத்திரிகை வைத்துக் கூப்பிடவா? கடை நண்பர்கள் எட்டு மணிக்குமேல்தான் வருவார்கள், ஓட்டலிலிருந்து வரவழைத்துச் சாப்பிடுவார்கள், நாம் சும்மா கூட உட்கார்ந்திருந்தால் போதும் என்றான். மேல்சித்தாமூர்ச் சமண மடத்துத் தேருக்கு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு முதல் ஆளாக வடம் பிடிக்கிறவன் பேச்சு இது.

சரி, சமைப்பது எங்கே என்றாள். வளவன் கொஞ்சம் சங்கடத்தோடு அடுத்த படத்தைத் தள்ளினார். வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் பின்பக்கம் ஐந்தடிச் சந்து ஒன்று இருந்தது. அதற்குமேல் தகர ஷீட்டு, கீழே ஒரு கடப்பாக்கல், ஒரு குழாய். 'வொர்க் கிச்சன்' என்று எழுதி முப்பதாயிரம் போட்டிருந்தது. அரை ஏக்கர் நிலத்தை விற்றவளுக்குக் கிடைத்த பங்கு அதுதான். இப்போது எல்லா வீட்டிலும் இப்படித்தான் டீச்சர், முன்னால் ஒன்று பார்ப்பதற்கு, பின்னால் ஒன்று சமைப்பதற்கு என்றார் வளவன்.

"தாளிக்கிற பொகை, ஈரத்துணி, காய்த்தோலு, இதெல்லாம் வர்றவங்க கண்ணுல படறது அசிங்கம் சந்தனா," என்றான் ஹர்ஷவர்தன். "நான் உன்னச் சொல்லல. பொதுவாச் சொல்றேன்."

அசிங்கம். அந்தப் புகைக்குள்ளிருந்து வந்ததைத்தான் பத்தொன்பது வருஷமாக மூன்று வேளையும் கேட்டு வாங்கித் தின்றான். தின்ற பிறகு ஏப்பம் விட்டான். தட்டுக்கு வருகிறவரை அசிங்கம், தட்டில் விழுந்துவிட்டால் அமிர்தம். அன்று சாயங்காலம் அவன் ரசத்தை உறிஞ்சிவிட்டு விரலை ஒவ்வொன்றாக நக்கியபோது, கட்டிக்கொண்டு வந்த நாள் முதல் இல்லாத குமட்டல் அவளுக்கு வந்தது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய் வாயைக் கொப்பளித்தாள். சூட்டு உடம்பு, மோர் குடி என்றான்.

அவசரப்பட்டுப் பேசிவிடக்கூடாது என்று விக்ரமன் வீட்டுக்கே ஒருமுறை போய்ப் பார்த்தாள். முன் கிச்சனில் கதவுகளின் மேல் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை. விக்ரமனின் மனைவி நீலாவதி பின்பக்கம் தகரத்துக்கு அடியில் வேர்த்து ஒழுக ஒழுகக் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். சந்தனாவை வரவேற்கக் கையைப் புடவையில் மூன்று தடவை துடைத்துக்கொண்டாள். முன்னால் போய்க் கை வைத்தால் கறை பட்டுவிடுமென்று அவர் திட்டுவார் என்றாள். அதை ஏதோ கழுத்தில் போட்ட சங்கிலியைக் காட்டுவது போலப் பெருமையாகச் சொன்னாள். அவள் கொடுத்த காப்பியைச் சந்தனா கஷ்டப்பட்டு விழுங்கினாள்.

அதற்குப் பிறகு பத்து நாள் ஹர்ஷவர்தனோடு பேசிப் பார்த்தாள். செவிடன் காதில் ஊதிய சங்கு. ஜன்னலை அடைத்தால் என்ன, நல்ல எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுவிடலாம் என்றான். உனக்கு எப்பப் பாரு டென்ஷன் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வளவன் கடைசி அளவெடுக்க வருவதாக இருந்தது. மறுநாள் வங்கியில் சந்தனா கையெழுத்துப் போட வேண்டும். அட்வான்ஸாக மூன்று லட்சம் கொடுத்திருந்ததால் வெங்கடரமணன் சாவியை இவர்களிடமே விட்டிருந்தார். சந்தனா ஒற்றை அடுப்பு, சின்ன சிலிண்டர், வாணலி, ரவை, எண்ணெய் எல்லாவற்றையும் கட்டைப் பையில் போட்டு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சிங்கவரம் ரோட்டில் வாங்கப்போகிற அந்த வீட்டுக்குப் போய் இறங்கினாள். வொர்க் கிச்சன் வரப்போகிற சந்தில் இன்றைக்கு உப்புமா கிண்டப் போவதாகவும் எல்லோரும் அங்கேயே சாப்பிடலாம் என்றும் சொன்னாள். வழிக்கு வந்துவிட்டாள் என்று ஹர்ஷவர்தனுக்கு வாயெல்லாம் பல்.

சந்துக்குள் நுழைந்ததும் நாற்றம் முகத்தில் அறைந்தது. படத்தில் அது தெரியாது. செப்டிக் டேங்கின் மூடி அங்கேதான் இருந்தது, ஓரமெல்லாம் விரிசல். விரிசலைச் சுற்றிக் கறுப்பாக ஈரம் கசிந்து, அதன்மேல் பச்சை ஈக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. ஐந்து மணிக்கே அங்கே அரை இருட்டு. சந்தனா முந்தானையால் மூக்கை மூடிக் கட்டிக்கொண்டு, இரண்டு செங்கல்லைப் போட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். ஹர்ஷவர்தனும் அளவெடுக்க வந்த வளவனும் சந்து முனையிலேயே நின்றுகொண்டார்கள்.

"செஞ்சிட்டு உள்ள எடுத்தாந்துடு," என்றான் ஹர்ஷவர்தன். "இங்க யாரு ஒக்காருவா? அந்த ஜன்னலாண்ட காத்தோட்டமா இருக்குது, அங்க சாப்டலாம்."

எண்ணெய் காய்ந்ததும் கடுகு போடுவதற்காக வாணலியின் மேலிருந்த தட்டை எடுத்தாள். அந்த ஒரு நொடிக்குள் ஓர் ஈ வந்து எண்ணெயில் விழுந்தது. சொய்யென்று சின்னதாகச் சத்தம். சுருண்டு, கறுத்து, ஓரமாக ஒதுங்கியது.

சந்தனா அடுப்பை அணைத்தாள். நாற்பத்திரண்டு வயதில் அவள் சட்டியில் ஓர் உயிர் வெந்தது அதுதான் முதல் தடவை. அவனுக்குப் பாடம் புகட்டுகிறேன் பேர்வழி என்று தெரிந்தே இங்கே வந்து அடுப்பு மூட்டியது தான்தானே என்று தன்மேலும் ஆத்திரம் வந்தது.

ஹர்ஷவர்தன் அங்கிருந்தே எட்டிப் பார்த்தான். "ஈதானே? எடுத்துப் போட்டுட்டு வேற எண்ணெ ஊத்து. பொழுது போவுது பாரு."

வடிகட்டாத தண்ணீரைத் தொடமாட்டேன் என்று கல்யாண வீட்டில் நாலு பேர் கேட்கச் சொல்கிறவன் அவன். அவனுடைய தர்மத்துக்கும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று இருந்திருக்கிறது. பின்னால் இருப்பதன் நாற்றத்தை அவள் இன்றைக்குத்தான் முகர்ந்தாள்.

"நாளைக்கு பேங்க்ல நான் கையெழுத்து போடல," என்றாள்.

அவன் முதலில் சிரித்தான். பிறகு கத்தினான். ஒரு ஈக்காகவா என்றான். அட்வான்ஸ் மூன்று லட்சம் போனால் யார் தருவார்கள், விக்ரமன் முகத்தில் எப்படி விழிப்பது என்றான். அவள் வாணலி ஆறட்டும் என்று காத்துக்கொண்டு நின்றாள். வளவன் அளவு டேப்பை இழுப்பதும் விடுவதுமாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஹர்ஷவர்தனின் சுருதி இறங்கியது. ஜன்னல் இருக்கட்டும், பின்னால் எதுவும் வேண்டாம், எல்லாம் அவள் எழுதிய கணக்குப்படியே நடக்கட்டும், போதுமா என்றான்.

போதும். கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. ஆனால் சந்தோஷம் மட்டும் வரமாட்டேன் என்றது. செத்துப்போன ஈக்காக அவன் இறங்கி வரவில்லை. நாற்றத்தில் நின்ற பெண்டாட்டிக்காகவும் வரவில்லை. மூன்று லட்சத்துக்காக வந்தான். இந்த மனுஷன் தின்பதற்காக இன்னும் இருபது வருஷம் ஓடி ஓடி வந்து அடுப்படியில் நிற்க வேண்டுமே என்று நினைத்தாலே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மூவரும் உள்ளே வந்தார்கள். மேற்கு ஜன்னலில் இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது. வளவன் விட்டால் போதும் என்ற முகத்தோடு டேப்லெட்டில் புதுப் பக்கம் திறந்தார். மேடை உயரம்தான் முதலில் முடிவு பண்ண வேண்டும், சமைக்கிறவர்கள் முழங்கைக்கு நாலு விரற்கடை கீழே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பு போய்விடும் என்று விளக்கி, டீச்சரைச் சுவரோரமாக வந்து நிற்கச் சொன்னார்.

சந்தனா நகரவில்லை.

"கடையிலேர்ந்து இங்க வர பத்து நிமிஷம். நான் பஸ்ஸு புடிச்சி வர்றதுக்குள்ள அவரு நடந்தே வந்துடலாம்," என்றாள். "சாயந்திரச் சமையல் இனிமே அவரோடது. அவரு முழங்கைக்கு அளவெடுங்க."

ஹர்ஷவர்தன் வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டான். வளவன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு டேப்பை இழுத்துக்கொண்டு அவன் பக்கம் போனார்.

"கையக் கொஞ்சம் மடக்குங்க சார்," என்றார்.