மூன்று ராமசுப்புகளும் இரண்டு பைத்தானும்

தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் லாரி நின்றது. நாலு மணிக்குக் கிளம்பினால்தான் இன்றே தூத்துக்குடி துறைமுகத்தில் சரக்கை இறக்கலாம். சொன்ன நாளில் சரக்கு போய்ச் சேரும் என்பது சௌந்தரபாண்டியன் குடும்பத்துப் பேச்சு. அப்பா ராமசுப்பு காலத்திலிருந்து ஒருநாளும் தவறியதில்லை. இன்று மணி மூன்றாகியும் அட்டைப்பெட்டியில் ஒட்ட வேண்டிய ஸ்டிக்கர் கம்ப்யூட்டரிலிருந்து அச்சாகவில்லை.

"ஸ்டிக்கர் புரோகிராமை ஓட்டுதது பைத்தான்ங்கிற மென்பொருள் மாமா," என்றாள் அவர் மருமகள் சுகுணா, கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணெடுக்காமல். "துறைமுகத்துக்கு அனுப்புத சரக்குப் பட்டியலுக்காகக் காலையில புது பைத்தானைப் போட்டேன். ஸ்டிக்கருக்குப் பழசுதான் வேணும். இப்ப பைத்தான்னு கூப்பிட்டா புதுசுதான் ஓடி வருது."

"அப்ப புதுசைத் தூக்கி எறி."

"பட்டியல் எப்படிப் போகும்?"

லாரிக்கார பீர் முகம்மது எட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, கிளம்பட்டா? இல்ல, சம்பந்தி வீட்டுக்கு வந்தவன் மாதிரி இன்னொரு காப்பி குடிக்கட்டா?"

"குடியும் ஓய். நாலு மணின்னா நாலு மணி." என்றார் சௌந்தரபாண்டியன்.

சுகுணா சட்டென்று சிரித்தாள். "நம்ம வீட்டுச் சங்கதிதான் மாமா இது."

அண்ணன் தம்பி மூவரும் தலைமகனுக்கு அப்பா பெயரையே வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர், மூத்தவரான சௌந்தரபாண்டியன். ராமசுப்பு என்று கூப்பிட்டால் மூன்று பிள்ளைகளும் வருவார்கள், அல்லது ஒருவரும் வரமாட்டார்கள். ஊரே கேலி பேசியது; அவர் மசியவில்லை.

"சின்னத்தை அவிய வீட்டு முத்தத்துல நின்னு கூப்பிட்டா அவிய மகன் வாராவ. நம்ம வீட்டு முத்தத்துல கூப்பிட்டா உங்க மகன் வாராவ. அதே மாதிரி, எந்த ஃபோல்டருக்கு எந்த பைத்தான்னு எழுதி வச்சிட்டா போதும். பேரை மாத்தவே வேண்டாம்."

பழையதையும் பக்கத்திலேயே ஏற்றி, எழுதி வைத்தாள். ஒரு ஃபோல்டரில் பைத்தான் என்றதும் ஸ்டிக்கர்கள் சரசரவென வந்து விழுந்தன. இன்னொன்றில் அதே பெயரைச் சொன்னதும் பட்டியல் போய்ச் சேர்ந்தது.

சௌந்தரபாண்டியன் மீசையைத் தடவிக்கொண்டு வாசலுக்கு வந்தார். பெட்டிகளில் ஸ்டிக்கர் ஒட்டி ஏற்றியாயிற்று. தார்ப்பாய் கட்டுவதுதான் பாக்கி.

"ஏலே ராமசுப்பு!"

மூன்று பக்கத்திலிருந்தும் மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன.

"எந்த ராமசுப்பு பெரியப்பா?"

"நிக்குத இடத்தைப் பாருல. என் வாசல், என் ராமசுப்பு." தம்பி மக்கள் இருவரும் திரும்பி நடந்தார்கள். "நீங்க எங்கன போறிய? கயித்தைப் பிடிங்கல."

நாலு அடிக்க மூன்று நிமிஷம் இருக்கும்போது லாரி கிளம்பியது.