மெனுவில் இல்லாத பானை

“உங்களுக்குன்னு தனியா ஒரு பானை ஆக்கி வெச்சிருப்பீங்களே, அதுல ரெண்டு தட்டு வேணும்.”

சமையற்கட்டு ஜன்னலுக்குள் தலையை நீட்டி ஸ்பானிஷில் கேட்டேன். உள்ளே கல்லில் பர்கரைத் திருப்பிக்கொண்டிருந்த பெண்மணியின் கை அப்படியே நின்றது.

எந்த ஊரில் எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா சொல்லியிருக்கிறாள். வடக்கு நெவாடாவில், வின்னமக்கா என்ற ஊரில், ஒரு சூதாட்ட விடுதியின் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவி என்னைப் படிக்கவைத்தவள் அவள். பள்ளி விட்டதும் நான் அந்தக் கடையின் பின்கதவு வழியாக நுழைந்து, கவிழ்த்துப் போட்ட பால் பெட்டி மேல் உட்கார்ந்து, வேலைக்காரர்களின் பானையிலிருந்து சாப்பிடுவேன். மேசையில் உட்கார்ந்தவர்களுக்குப் போனதெல்லாம் உறைபெட்டியிலிருந்து எடுத்துப் பொரித்தது. நிஜச் சாப்பாடு பின்கட்டில்தான் இருந்தது.

“அது இருக்கற ஆளுக்கு அளந்து ஆக்கினது” என்பாள் அம்மா. “மேசைல உக்காந்துட்டு நீ கேட்டா அவங்களால இல்லைன்னு சொல்ல முடியாது. இல்லைன்னு சொல்ல முடியாதவங்ககிட்ட கேக்கறது கேக்கறது இல்லடி, பிடுங்கறது.”

தெரிந்துதான் கேட்டேன்.

காரணம் டெஸ்ஸா. என் முதலாளி. மேற்கு மாநிலங்களின் நெடுஞ்சாலைகளில் எங்கே வண்டியை நிறுத்தினால் நல்ல சாப்பாடு கிடைக்கும் என்று புத்தகம் போடுகிறவள். ஐம்பதாம் எண் சாலையில் நெவாடாவைக் குறுக்கே கடந்துகொண்டிருந்தோம். ரீனோவை விட்டதிலிருந்து எழுதும்படி ஒன்றுமே அகப்படவில்லை. செருப்புத் தோல் மாதிரி இறைச்சி, வாடிய இலைகள், ‘எங்கள் வீட்டுச் செய்முறை’ என்று பலகை மாட்டிய கடையில் டப்பா சூப்.

அன்று காலை வண்டியில் அவள் சொன்னாள்: “உன்னை எதுக்கு வேலைக்கு எடுத்தேன் யதீரா? இந்தப் பக்கத்துப் பொண்ணு, எங்க ருசி இருக்குன்னு தெரிஞ்சவன்னுதானே? இணையத்துல தேடறதுக்கு நானே போதும்.”

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. மேசை நாற்காலி போட்டு உட்காரும் முதல் வேலையும் என்னுடையதுதான். அவள் சொன்னது சுருக்கென்று தைத்தது. யாருக்குத் தெரியும் யாருக்குத் தெரியாது என்று காட்டிவிடுகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். ஈலி என்ற ஊருக்கு முன்னால் இந்தக் கடை வந்தது. கதவைத் திறந்ததும் பொரித்த எண்ணெய் நாற்றத்துக்கு அடியில் வேறொரு வாசனை. எனக்கு அது போதும்.

“அது மெனுல இல்லையே, கண்ணு” என்றார் அந்தப் பெண்மணி. சட்டையில் சபேலா என்று பெயர் தைத்திருந்தது.

“தெரியும் அத்தை. எங்கம்மாவும் பாத்திரம் கழுவுறவங்கதான். இந்த வாசனை எனக்குத் தெரியாதா?”

வெந்நீரில் வெந்துபோன அம்மாவின் கைகளை நுழைவுச்சீட்டு மாதிரி நீட்டினேன். நீட்டும்போதே வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நீட்டினேன்.

சபேலா திரும்பிப் பார்த்தார். கழுவும் தொட்டியருகே நின்ற நரைமீசைக்காரர் தோளைக் குலுக்கினார். இரண்டு தட்டுகள் ஜன்னல் வழியே வந்தன.

விலா எலும்பு வெட்டும்போது ஒதுக்கிப் போடும் ஓரத் துண்டுகள், பச்சை மிளகாய்க் குழம்பில் எலும்பை விட்டு நழுவும்வரை வெந்தவை. கூடவே பருப்புக்கீரை. கடைக்கு வெளியே வண்டிகள் நிற்கும் இடத்து ஓரமெல்லாம் அது தானாக முளைத்துக் கிடப்பதை வரும்போதே பார்த்திருந்தேன். கீரையின் புளிப்பும் மிளகாயின் காரமும் கொழுப்பில் கரைந்து நாக்கில் நின்றன. சூடான சோள ரொட்டி வேறு.

“அடிப்பாவி!” என்று டெஸ்ஸா கத்தினாள். “இத எங்கடி இவ்வளவு நாளா ஒளிச்சு வெச்சிருந்தே?” நாற்காலி மேல் ஏறி நின்று மேலேயிருந்து படம் எடுத்தாள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

பக்கத்து மேசையில் மோட்டார் சைக்கிள்காரர்கள். அவர்களில் தாடி வைத்தவர் எட்டிப் பார்த்தார். “அந்தப் பச்சைக் குழம்பு என்ன பேரு? எங்களுக்கும் கொண்டாங்க.”

“எந்தப் பச்சைக் குழம்பு? என் கடைலயா?” என்றபடி வந்தவன் டுவேன், கடை முதலாளி. பெரிய உடம்பு, எப்போதும் சிரித்த முகம். உள்ளே போனவன் வாயில் கரண்டியோடு திரும்பினான். “அட சபேலா, என்கிட்டயே மறைச்சு இத்தனை வருஷமா என்னத்த ஆக்கித் தின்னுட்டு இருக்கீங்க!”

சுவரில் தொங்கிய கரும்பலகையில் ‘இன்றைய விசேஷம், பதினாறு டாலர்’ என்று எழுதினான். அதற்குப் பிறகு தட்டுகள் வரிசையாக வெளியே வந்தன. ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டே நான் என் தட்டைக் காலி செய்தேன். பாதியில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

காலித் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். சபேலா பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நரைமீசைக்காரர் சுவரில் சாய்ந்து கருகின ரொட்டி ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தார்.

“மன்னிச்சிடுங்க அத்தை.”

“எதுக்கு? ஓசிலயா சாப்பிட்டே?”

“அது உங்க சாப்பாடு.”

“பசிச்சா கேக்கறதுதான். படிச்ச பொண்ணாத் தெரியறே. காலேஜ்ல இதையும் சொல்லித் தர்றாங்களா, முன்கதவு வழியா வந்து உக்காந்துட்டு பின்கதவுச் சோறு கேக்கறது?”

நரைமீசைக்காரர் வாய் நிறைய ரொட்டியோடு சிரித்தார். “விடு சபேலா. அவ இன்னும் கொஞ்ச நேரத்துல போயிடுவா. நாமதான் இங்க கிடப்போம்.”

“நீ சும்மா இரு எலியோ. சிரிச்சா வயிறு ரொம்புதா?”

டுவேன் உள்ளே எட்டிப் பார்த்தான். “சபேலா, நாளைலேர்ந்து பெரிய அண்டால போட்டுடு. வேலைக்கு முன்னாடியே வந்து அந்தக் களையைப் பறிச்சு வெச்சிக்க.”

“முன்னாடி வந்தா அந்த நேரத்துக்கு...”

“களை பறிக்கக்கூட சம்பளமா?” சிரித்துக்கொண்டேதான் கேட்டான். “களை என் இடத்துல முளைக்குது. கறியும் என்னுது. இவ்வளவு நாள் நான் ஏதாவது கேட்டேனா?”

“இல்லை முதலாளி.”

“நாங்க எதைச் சாப்பிடறது?” என்றார் எலியோ.

“மிஞ்சினா சாப்பிடுங்கய்யா, யாரு வேண்டாங்கறா?” முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனான்.

சபேலா என்னைப் பார்க்கவில்லை. பானை ஏற்கெனவே பளபளவென்று இருந்தது. மறுபடியும் தேய்த்தார். எலியோ ரொட்டியின் கருகல் ஓரத்தைக் கிள்ளிக் கீழே போடாமல் வாயில் போட்டுக்கொண்டார். இந்தப் பானை புத்தகத்தில் வரக் கூடாது என்று நான் முடிவு செய்தது அந்த இடத்தில்தான்.

மேசைக்குத் திரும்பினால் டெஸ்ஸா கணினியைத் திறந்து தட்டிக்கொண்டிருந்தாள். டுவேன் பக்கத்திலேயே பல்லெல்லாம் தெரிய நின்றான். எங்கள் புத்தகத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. சாப்பிட்ட இருவரும் சரி என்றால்தான் கடை அச்சேறும். அந்த வாக்கை நம்பித்தான் ஜனங்கள் புத்தகத்தை வாங்குகிறார்கள்.

“என் ஓட்டு சரி. முழுப் பக்கம், உன் பேர்லயே” என்றாள் டெஸ்ஸா. “‘பாத்திரம் கழுவினவ மக கண்டுபிடிச்ச பானை’. எப்படி?”

டுவேன் மோட்டார் சைக்கிள்காரர்கள் பக்கம் நகர்ந்ததும் குரலைத் தாழ்த்தினேன். “வேண்டாம் டெஸ்ஸா. அது அவங்க மதியச் சாப்பாடு. உள்ள ஒருத்தர் கருகின ரொட்டியத் தின்னுட்டு நிக்கறார்.”

“புத்தகம் வந்தா கடைக்கு நல்லது. கடைக்கு நல்லதுன்னா அவங்களுக்கும் நல்லதுதானே? ரொம்ப யோசிக்காதே. உங்கம்மா பெருமைப்படுவாங்க.”

கன்னத்தில் அறையலாம் போலிருந்தது. ஆனால் அவளை அறைந்து என்ன? மூடியைத் திறந்தது அவள் இல்லை, டுவேன் இல்லை. நான். சும்மா வேண்டாம் என்று ஓட்டுப் போட்டால் புத்தகத்தில் வராது, அவ்வளவுதான். பலகை அங்கேயே தொங்கும். பெரிய அண்டா அடுப்பில் ஏறும். அவன் பயப்பட வேண்டும். அதற்கு எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான் இருந்தது, அது அசிங்கமான வழி.

எழுந்து நின்றேன். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னேன்.

“என் ஓட்டு வேண்டாம்னுதான். கறி வேகவே இல்லை. கீரைல மண்ணு.”

தாடிக்காரர் கரண்டியைக் கீழே வைத்தார்.

“என்ன உளர்றே?” என்றாள் டெஸ்ஸா. “இப்பதானே...”

நான் டுவேனைப் பார்த்தே பேசினேன். “வெட்டி எறியற துண்டு, லாரி எண்ணெய் சொட்டற இடத்துக் களை. இதப் பதினாறு டாலருக்கு வித்தீங்கன்னா, கடை பேரு, ஊர் பேரு, விலை எல்லாம் போட்டு எழுதுவேன். இந்தப் புத்தகத்துல இல்லைன்னா வேற இடத்துல.”

அவன் முகத்திலிருந்த சிரிப்பு முதல்முறையாகக் காணாமல் போனது. “சரிம்மா, சரி. சத்தம் போடாதே.” கையாலேயே பலகையை அழித்தான். உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான். “சபேலா, அண்டால்லாம் வேண்டாம். உங்க சோறு உங்களோட இருக்கட்டும். ஒரு சொட்டு வெளிய வரக் கூடாது, புரியுதா?”

சபேலா ஜன்னலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. ஈரக் கையைத் துடைக்கவில்லை, மணிக்கட்டிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

“வேகலையா, கண்ணு?” என்று ஸ்பானிஷில் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

டுவேன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். சமையற்கட்டு ஸ்பானிஷ் அவனுக்குத் தெரியும். நான் கண்ணைச் சிமிட்டினால்கூடப் பிடித்துக்கொள்வான்.

“வேகலை, அத்தை.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அதற்கு என்ன பொருள் என்று நிச்சயமாக எனக்குத் தெரியாது. ஜன்னலிலிருந்து அவர் முகம் விலகிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே எலியோ ஏதோ சொன்னார். பானையைத் தேய்க்கும் சத்தம் மறுபடியும் கேட்டது.

டெஸ்ஸா கணினியைப் பட்டென்று மூடினாள். “உனக்குப் பைத்தியமா? வண்டில ஏறு. போற வழில பேசுவோம்.”

“என் பேரைப் புத்தகத்துல இருந்து எடுத்துடு.”

“யதீரா, அடுத்த ஊரு எவ்வளவு தூரம்னு தெரியுமா?”

தெரியும். லாரிகள் வடக்கே, அம்மா ஊர்ப் பக்கமும் போகும் என்பதும் தெரியும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்கதவைத் தள்ளி வெளியே நடந்தேன்.