காளான் இருக்கும் இடம்

போகிற வழி கண்ணுக்குத் தெரிய நாங்கள் வெள்ளை நூலிழை கட்டிவைத்த கணவாய் மீன் துணுக்கை வாயில் கவ்விக்கொண்டு ஒரு கருங்குளவி பறக்க, அதன் பின்னால் நாங்கள் நான்கு பேரும் ஓடிக்கொண்டிருந்தோம். நான்கு பேர் என்று ஒரு கௌரவத்துக்குச் சொல்கிறேன். நான் வரப்பில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இடப்பக்கம்! இடப்பக்கம்!" என்று கத்திக்கொண்டிருந்தேன். எழுபது தாண்டிய பிறகு ஓடுவதற்குத் தொண்டை போதும், கால் எதற்கு? இனா பள்ளத்தாக்கில் கோடை முடியும் சமயம் கௌரவமான மனிதர்கள் எல்லாம் இப்படித்தான் வானத்தைப் பார்த்தபடி வயலில் ஓடுவார்கள். குளவி போய் இறங்கும் இடத்தில் மண்ணுக்குள் கூடு இருக்கும். கூட்டில் புழு இருக்கும். புழுவைச் சர்க்கரையும் சோயா சாறும் விட்டு வதக்கினால் முந்திரிப்பருப்பு தோற்றுவிடும். நான் தின்றதில்லை. ஆனால் தின்றதாக ஊர் முழுக்கச் சொல்லியிருப்பதால் ருசி எனக்கு நன்றாகத் தெரியும்.

அன்று முன்னால் ஓடியவர் கராகி. எங்கள் பக்கத்து மாட்டு டாக்டர். நாற்பத்தைந்து வயது இருக்கும், கல்யாணம் ஆகாதவர். மேலே பார்த்துக்கொண்டே ஓடியவர் வாய்க்காலுக்குள் அப்படியே மறைந்துபோனார். அடுத்த கணம் தண்ணீருக்கு மேலே ஒரு கை மட்டும் எழும்பி, குளவி போன திசையைக் காட்டியது. ஆள் முழுகினாலும் கடமை முழுகக் கூடாது பாருங்கள்.

அப்போதுதான் என் மருமகள் செண்பகவல்லி சிரித்தாள். முதலில் பிரஷர் குக்கர் மாதிரி அடக்கிப் பார்த்தாள். பிறகு முடியாமல் வரப்பிலேயே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பேத்தி தாமிரா ஓட்டத்தை நிறுத்திவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். என் மகன் சங்கரபாண்டி போன பிறகு அந்தச் சிரிப்பை நாங்கள் இருவரும் கேட்கவே இல்லை. வீட்டை விட்டு அது போய்விட்டது என்றே நினைத்திருந்தோம். குளவி தப்பிவிட்டது. எனக்கு வேறொரு கூடு தெரிந்துவிட்டது.

பருவத்துக்கு ஒரு வெளிக்கிளம்பல் என்பது சங்கரபாண்டி வைத்த சட்டம். லென்ஸ் கம்பெனியில் புருஷனும் பெண்டாட்டியுமாக வேலைக்குச் சேர்ந்து இந்த மலைநாட்டுக்கு வந்தபோது, "வீட்டுக்குள்ளயே இருந்தா இது கோவில்பட்டிதான், கொஞ்சம் குளிரு ஜாஸ்தி, அவ்வளவுதான்" என்பான். வசந்தத்தில் மூங்கில் குருத்து, கோடையில் ஆறு, இலையுதிர்காலத்தில் மலை, குளிரில் பனிச்சறுக்கு. தாமிரா பிறந்தபோது மூன்று மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்த ரயில்வே கார்டு நான். இன்னும் கொடி காட்டி வண்டியை அனுப்பவில்லை. ரத்தத்தில் ஏதோ வியாதி என்று மூன்று வருடத்துக்கு முன் அவன் போனான். அந்தக் குளிர்காலத்தில் வெளியே போகும் முறை வந்தபோது செண்பகவல்லி பனிச்சறுக்குப் பலகைகளை எடுத்து வாசலில் வைத்தாள். போனோம். யாரும் சறுக்கவில்லை. உட்கார்ந்து இட்லி தின்றுவிட்டுத் திரும்பினோம். சட்டம் மட்டும் முறியவில்லை.

கராகி இந்த வசந்தத்தில்தான் எங்கள் வெளிக்கிளம்பலில் வந்து சேர்ந்தார். நாங்கள் குருத்து தோண்டிய மூங்கில் தோப்பு அவருடையது. மண்ணுக்கு வெளியே தலைகாட்டிய பிறகு தோண்டினால் கசக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டு வாய்மூடி நின்றார். சும்மா நிற்கிற மனிதனைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். போன வருடம் இதே தோப்பில் ஒரு குருத்தின்மேல் என் வேட்டியைக் காயப்போட்டுவிட்டுச் சற்றுக் கண் அயர்ந்ததையும், விழித்துப் பார்த்தால் வேட்டி மாடி உயரத்துக்குப் போய்விட்டதையும், மூங்கில் வளர்ந்துகொண்டே போனதால் நான் இடுப்பில் துண்டோடு வீடு திரும்பியதையும், பேத்தி கற்றுக்கொடுத்த இந்த ஊர்ப் பாஷையில் அவருக்குச் சொன்னேன். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல் கேட்டார்.

"வேட்டி என்ன நிறம், ஐயா?"

"வெள்ளை."

"அப்பச் சரிதான். நான் பார்த்தேன். கொக்குன்னு நினைச்சிட்டேன்."

அன்றிலிருந்து எனக்கு அந்த ஆளைப் பிடிக்கவும் செய்தது, பயமாகவும் இருந்தது. பயத்துக்குக் காரணம் இருக்கிறது. நம் பாஷையில் ஒன்றுவிட்ட சகலைக்குக்கூட உறவுமுறை உண்டு. மருமகள் மறுபடி கட்டிக்கொள்ளும் புருஷனுக்கு நான் என்ன முறை? அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என் தட்டு எந்தப் பக்கம்? குளவி தப்பிய நாளிலிருந்து ஒவ்வொரு வேளையும் என் தட்டைக் கொஞ்சம் ஓரமாகவே நகர்த்தி வைத்துப் பழகிக்கொண்டிருந்தேன்.

இலையுதிர்காலம் வந்தது. பைன் மரத்தடியில், பொன் விலை விற்கும் மட்சுதாகே காளான் முளைக்கும் பருவம். இந்த ஊரில் ஒரு மனிதனிடம் சம்பளம் கேட்கலாம், வியாதி கேட்கலாம், பெண்டாட்டியோடு என்ன சண்டை என்றுகூடக் கேட்கலாம். காளான் எங்கே பறித்தாய் என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் மலை இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு ஆற்றைக் காட்டுவார்கள். பெற்ற பிள்ளைக்கும் சொல்லாமல் கண்ணை மூடியவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட பருவத்தில் ஒரு வியாழக்கிழமை கராகி தன் குட்டி லாரியை எங்கள் வாசலில் நிறுத்தினார்.

"ஐயா, மலைக்கு வர்றீங்களா? நீங்க மட்டும்."

நீங்க மட்டும் என்றால் என்ன அர்த்தம்? இந்த ஊரில் கெட்ட செய்தியை யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை, மலைக்குக் கூட்டிப்போய் மரத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வார்கள் என்று நானே ஒரு கதை கட்டி, நானே அதை நம்பிவிட்டேன். சங்கரபாண்டியின் மலையேறும் பூட்ஸை இரண்டு காலுறை போட்டு மாட்டிக்கொண்டேன். அவனுக்குப் பெரிய பாதம்.

ஏற்றத்தில் கராகியின் இடுப்பில் கரடி மணி கிணுகிணுத்துக்கொண்டே வந்தது. மனிதன் வருகிறான், ஒதுங்கிக்கொள் என்று கரடிக்குச் சொல்லும் மணி. ஒரு வளைவு தாண்டியதும் அதைக் கழற்றி, மணி நாக்கில் துணி சுற்றிப் பைக்குள் போட்டார்.

"கரடி?" என்றேன்.

"கரடிக்குத் தெரிஞ்சாப் பரவாயில்ல. மியாஷிதாவுக்குத் தெரியக் கூடாது." மியாஷிதா எங்கள் இருவருக்கும் அடுத்த வீட்டுக்காரர், காதும் மூக்கும் கூர்மை.

செம்பைன்கள் நிற்கும் ஒரு சரிவில் நின்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உதிர்ந்த பைன் ஊசிகள், பாசி, ஒரு பாறை. அவர் மண்டியிட்டு, தூங்கும் குழந்தையின் போர்வையை விலக்குவதுபோல ஊசிகளை விலக்கினார். மண் கொஞ்சமாய்ப் புடைத்திருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு வாசனை எழும்பியது. மழை, ஏலம், பழைய மரப்பெட்டி எல்லாம் கலந்த வாசனை. பறிக்கவில்லை. மறுபடி மூடிவிட்டார்.

"அப்பா எனக்குக் காட்டினாரு. அம்மாவுக்குக்கூடக் காட்டல. அக்கா இன்னைக்கும் அதைச் சொல்லித் திட்டுவா." முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டே, மரத்தைத்தான் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை காலையில நான் அடிவாரத்துல வண்டியில இருப்பேன். நீங்க செண்பகாவையும் பாப்பாவையும் இங்க கூட்டிட்டு வந்தா, நான் புரிஞ்சிக்குவேன். வரலைன்னாலும் புரிஞ்சிக்குவேன். காளான் அடுத்த வருஷமும் முளைக்கும். நான் எதுவும் கேட்டதா ஆகாது."

தாயாருக்குக் காட்டாத இடத்தில் கோவில்பட்டிக்காரனைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான். பெண் கேட்க வருகிறவன் தட்டில் பழம் கொண்டுவருவான். இவன் மலையைக் கொண்டுவந்திருக்கிறான். அதுவும் என்னிடம்.

இறங்கும்போது மெதுவாக வருகிறேன் என்று பின்தங்கினேன். முடிவு எதுவும் எடுத்துவிடவில்லை. ஆனால் வழி மறந்துபோனால் முடிவெடுக்கவே ஒன்றும் இருக்காதே! மடியில் எப்போதும் திருநீற்றுப் பொட்டலம் உண்டு. திரும்பும் இடம் ஒவ்வொன்றிலும், ஈர மரப்பட்டையில் மூன்று விரலால் ஒரு பட்டை இழுத்துக்கொண்டே வந்தேன்.

அன்று சாயங்காலம் செண்பகவல்லி தாழ்வாரத்தில் உட்கார்ந்து, உலர்த்துவதற்காக, தக்காளி போலிருக்கும் பெர்சிமன் பழங்களைத் தோல் சீவிக்கொண்டிருந்தாள்.

"அவரு என்ன சொன்னாரு மாமா?"

"மாடுகளுக்கு இந்த வருஷம் மூட்டு வலி ஜாஸ்தியாம்."

"மாமா."

"ஒரு மாடு நொண்டிக்கிட்டே பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்துச்சாம்."

கத்தியைக் கீழே வைத்தாள். "எனக்குத் தெரியும், என்னமோ கேட்டிருக்காரு. உங்களுக்கு ஒப்பலைன்னா இந்தப் பேச்சு இதோட சரி. மனசார சொல்றேன். ஆனா நீங்க ஊருக்குப் போறேன்னு பெட்டியைக் கட்டுனீகன்னா, நான் பெட்டியை ஆத்துல போட்டுருவேன்."

"நான் எங்க போக? என் வீட்டுல ஓணான் குடும்பம் ஒண்ணு குடியிருக்கு. காலி பண்ண மாட்டேங்குது."

அவள் சிரிக்கவில்லை. சீவிய பழத்தைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள். "அவரு உங்க மகனைப் பத்திக் கேப்பாரு, மாமா. எப்படி நடப்பாக, எதுக்குக் கோவப்படுவாகன்னு. இங்க வேற யாரும் கேக்கிறதில்ல. எனக்கு வருத்தமாயிரும்னு பேச்சை மாத்திருவாங்க. இவருகிட்ட நான் பேசிக்கிட்டே இருக்கலாம்."

நான் ஒரு பழத்தை எடுத்துச் சீவினேன். தோல் அறுந்து அறுந்து விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பூட்ஸை மாட்டிக்கொண்டு, "கிளம்புங்க" என்றேன். அடிவாரத்தில் குட்டி லாரி நின்றது. கராகி செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார், தலைகீழாக. நாங்களும் அவரைப் பார்க்காத மாதிரியே கடந்து போனோம்.

முதல் திருப்பத்திலேயே தாமிரா கத்தினாள். "தாத்தா, இந்த மரம் கோயிலுக்குப் போயிட்டு வந்திருக்கு!" அடுத்த மரத்துக்கு ஓடினாள். "இதுவும்!" பட்டையிலிருந்து பட்டைக்குத் தாவித் தாவி ஓடியவள், நான் பாதி ஏற்றம் ஏறுவதற்குள் மேலே செம்பைன் சரிவில் நின்று கையாட்டினாள்.

ஒரு சின்னப் பிள்ளை விளையாட்டாய் ஓடி வந்து சேர்கிற இடத்துக்கு மியாஷிதா வர எத்தனை நேரமாகும்? தகப்பனும் மகனுமாகக் காத்த இடத்தை நான் மூன்று விரலால் ஊருக்கே எழுதிக் கொடுத்திருக்கிறேன். துண்டால் தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை. பைன் பிசினில் பிடித்த திருநீறு நாயன்மார் நெற்றியில்கூட அவ்வளவு உறுதியாய் இருந்திருக்காது.

நடந்ததை எல்லாம் செண்பகவல்லியிடம் சொன்னேன், கராகி கேட்டதையும் சேர்த்து. அவளும் ஒரு பட்டையை விரலால் தேய்த்துப் பார்த்தாள். பிறகு, "திருநீறு இன்னும் எவ்வளவு இருக்கு மாமா?" என்றாள்.

"உங்க அம்மா அனுப்புன அரைக்கிலோ. பைக்குள்ளதான் இருக்கு."

"அழிக்க முடியாதுல்ல? அப்ப எல்லா மரத்துக்கும் பூசிருவோம்."

பூசினோம். தாமிரா குட்டை மரங்களுக்கு, நான் நடுத்தரத்துக்கு, என் மருமகள் கைக்கெட்டிய உயரத்துக்கெல்லாம். கிழக்கே பூசினோம், மேற்கே பூசினோம், யாரும் போகாத பள்ளத்தில் இறங்கியும் பூசினோம். ஆயிரம் மரம் இருக்கும் என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம். ஆனால் ஒரு கரடி வந்து நின்று பார்த்துவிட்டு, தவறான ஊருக்கு வந்துவிட்டோம் என்று திரும்பிப் போனதை மட்டும் நம்பலாம். கடைசியில் திரும்பிப் பார்த்தால், மலைச்சரிவு முழுக்கச் சிவனடியார்கள் பந்திக்கு நிற்பதுபோல இருந்தது.

கீழேயிருந்து காலடி கேட்டது. நேரமாகியும் நாங்கள் இறங்காததால் கராகி ஏறி வந்துவிட்டார். ஒரு மரத்தைப் பார்த்தார், அடுத்ததைப் பார்த்தார், கழுத்தைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். ஒரு பட்டையைத் தொட்டு முகர்ந்தார். மாட்டைப் பரிசோதிக்கும் முகம்.

"ஐயா, மரங்களுக்கு என்ன சீக்கு?"

"சீக்கு ஒண்ணுமில்ல. நல்ல நாள்."

அவர் மறுபடி சுற்றிப் பார்த்தார். "இதுல எது வழி?" அவருக்கே தடுமாறிவிட்டது.

"அதை எல்லார்கிட்டயும் சொல்றதில்ல," என்றேன். "வீட்டு ஆளுங்களுக்கு மட்டும்தான்."

செண்பகவல்லி வெள்ளைக் கைகளைத் துடைக்காமல், மரத்தில் சாய்ந்தபடி கராகியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவர் கால்களைச் சேர்த்து, கைகளைத் தொடையோடு ஒட்டி, என் முன்னால் குனிந்தார். இந்த ஊரில் குனிவதற்குப் பல ஆழம் உண்டு. இத்தனை ஆழத்தை நான் பார்த்ததில்லை. நிமிரவில்லை. தலைமுடியில் ஒரு பைன் ஊசி குத்தி நின்றது. காற்று ஒருமுறை வந்து, மரப்பட்டைகளிலிருந்து கொஞ்சம் வெள்ளைப் பொடியை எங்கள் எல்லோர் மேலும் உதிர்த்துவிட்டுப் போனது.

பொட்டலத்துக்குள் விரல் விட்டுப் பார்த்தேன். காகிதத்தின் மடிப்பு ஒன்றில் ஒரு சிட்டிகை ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு நெற்றிக்குப் போதும்.