மச்சாண்டார் கல்

குளியலறை ஜன்னல் திண்டுக்குக் கல் எடுப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது முறை. விலை, நிறம், வழவழப்பு எல்லாம் அப்புறம். நாம் குளிப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கப்போகிற பொருள் அது. வீட்டில் இருப்பவர்களுக்கு என்ன உறவு என்று தெரியாமல் பதித்துவிட்டால் பிறகு சங்கடம்.

எங்கள் வீட்டில் முன்பு தேக்குப் பலகை இருந்தது. என் மனைவி கோகிலாமணிக்கு அது தங்கை முறை. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாத குறையை அவள் அந்தப் பலகையிடம்தான் தீர்த்துக்கொண்டாள். தினமும் முக்காலியில் உட்கார்ந்து, தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றியபடி அரைமணி நேரம் பேசுவாள். பெரும்பாலும் என்னைப் பற்றித்தான். எனக்கு அது கொழுந்தியாள் முறை என்பதால் இருபத்திரண்டு வருடம் துண்டைக் கட்டிக்கொண்டே குளித்தேன். ஒரு நாளாவது நிம்மதியாக அழுக்குத் தேய்த்ததில்லை.

போன ஆவணியில் கரையான் அரித்து அந்தப் பலகை போய்ச் சேர்ந்தது. கோகிலாமணி மூன்று நாள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் நான் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் சென்னியப்பன் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். மார்பிள் அவளுக்கு மாமியார் முறை. சோப்பு எத்தனை நாளில் கரைகிறது என்றுகூடக் கணக்குப் பார்க்குமாம். டைல்ஸ் எல்லாம் பங்காளிகள். பக்கத்தில் பக்கத்தில் பதித்தால் வருடம் திரும்புவதற்குள் நடுவில் விரிசல் விழும். பிளாஸ்டிக்குக்குச் சொந்தபந்தமே கிடையாது, அதன் முன்னால் குளிப்பதும் நடுரோட்டில் குளிப்பதும் ஒன்று. கடைசியில் ஒரு கறுப்பு கிரானைட்டைத் தட்டிக் காட்டினார்.

"இது சொட்டுத் தண்ணி குடிக்காதுங்க. நூறு வருசம் கிடக்கும். உங்களுக்கு அண்ணன் முறை. ஆனா அம்மணிக்கு மச்சாண்டார் ஆகுதுங்க. யோசிச்சுக்குங்க."

நான் யோசிக்கவில்லை. அண்ணன் முன்னால் தம்பி எப்படி வேண்டுமானாலும் குளிக்கலாம். தனக்கு மிஞ்சித்தான் தானம் என்று வாங்கி வந்து பதித்துவிட்டேன். முதல் நாள் பாட்டுப் பாடிக்கொண்டு குளித்தேன்.

கோகிலாமணி உள்ளே போய்ப் பார்த்தாள். புருஷனின் அண்ணன் முன்னால் எங்கள் பக்கத்துப் பெண்கள் உட்காரமாட்டார்கள், வாய்விட்டுப் பேசமாட்டார்கள். அவள் சேலையோடு சுவரைப் பார்த்து நின்று, இரண்டு சொம்பு ஊற்றிக்கொண்டு வெளியே வந்தாள். பத்தொன்பது நாள் அப்படியே குளித்தாள். பேச்சு அடைபட்டதில் முதலில் தொண்டை வீங்கியது, பிறகு முழங்கால்.

"அவங்க இருக்கற ஊட்டுல என்னால குளிக்க முடியாதுங்க" என்று இருபதாம் நாள் சொல்லிவிட்டு, கோபிசெட்டிபாளையத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் புறப்பட்டாள். தினமும் போய்க் குளித்துவிட்டு, திரும்பும் பஸ்ஸில் வந்துவிடுவதாகத்தான் ஏற்பாடு. ஐந்தாம் நாள் பஸ்ஸில் அவள் இல்லை. அக்கா போன் செய்து, இனி அவள் அங்கேயே இருக்கட்டும் என்றாள்.

வீடு எனக்குப் பிடிக்கவில்லை. என்னைத் திட்டுகிற குரல் கேட்காமல் சோறு இறங்கவில்லை. நான் செய்தது தப்பு. கல்லைப் பெயர்த்துப் போட்டுவிடலாமா என்று சென்னியப்பனிடம் கேட்டேன்.

"அண்ணனைத் தூக்கி வெளிய போடுவீங்களா? சுவீகாரம் எடுத்துக்குங்க. எடுத்துட்டா பழைய முறை அத்துப்போகும். கைக்குழந்தை முன்னால எந்தத் தாயும் குளிப்பாங்க."

சுவீகாரத்துக்குப் பெற்றவர் சம்மதம் வேண்டும். கல் எடுத்த குவாரிக்குப் போனேன். மலையில் கால்வாசிதான் மிச்சம் இருந்தது. மலையிடம் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து மேலிருந்து ஒரு சிறு கல் உருண்டு வந்து என் காலடியில் நின்றது. அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

நல்ல நாள் பார்த்து, கொத்தனாரை வைத்துக் கல்லைப் பெயர்த்து, கூடத்தில் பாய் விரித்துக் கிடத்தினோம். கோகிலாமணி அக்காவோடு வந்து கதவோரம் நின்றாள். மஞ்சள் நீர் குடித்தால்தான் சுவீகாரம் செல்லும். நான் ஊற்றினேன். தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு வழிந்து பாயை நனைத்தது. மறுபடி ஊற்றினேன். மறுபடி வழிந்தது. தண்ணீர் குடிக்காது என்று சொல்லித்தானே கொடுத்தார்கள். நல்ல நேரம் முடியக் கால் மணிதான் பாக்கி.

அக்கா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "கிளம்பலாம் கோகிலா, பஸ் போயிரும்."

கோகிலாமணி கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வந்து அதன் முன்னால் உட்கார்ந்தாள். நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பதினெட்டுக் கிலோ கல்லை இழுத்து மடியில் சாய்த்து, முந்தானையால் துடைத்தாள். குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையில் மஞ்சள் நீரை எடுத்து, ஓரத்தில் வைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டாள்.

"குடி சாமி" என்றாள். அதன் முன்னால் அவள் வாய்திறந்தது அதுதான் முதல் தடவை.

முதல் சொட்டு நின்றது. பிறகு உள்ளே போனது. அடுத்ததும் போனது. அரைச் சொம்பு தீர்ந்த பிறகுதான் அவள் நிறுத்தினாள். கல்லைத் தோளில் போட்டு மெல்லத் தட்டியபடி, பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காததையும், என் புத்தி போன போக்கையும், அக்கா வீட்டு ரசத்தில் உப்பே இருக்காது என்பதையும் ஒவ்வொன்றாக அதனிடம் சொல்ல ஆரம்பித்தாள். அக்கா பையைக் கீழே வைத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கொத்தனார் இருக்கிறாரே என்றுகூடப் பார்க்காமல் அழுதேன்.

"ஏனுங்க" என்று கோகிலாமணி கூப்பிட்டாள். அவள் மடி முழுக்க ஈரமாக இருந்தது. "நின்னுட்டே இருக்காதீங்க. பழைய வேட்டி ஏதாச்சும் இருந்தா கிழிச்சுக் கொண்டாங்க. நனைச்சுட்டான்."

பீரோவைத் திறந்து, இருப்பதில் மெத்தென்று இருந்த ஒன்றைக் கிழித்து, நாலாக மடித்துக் கொண்டுவந்து கொடுத்தேன்.